கை தூக்கும் முன்பே வயிறு விழித்துக்கொள்கிறது

நிமிர்ந்து நில்லுங்கள். இடுப்பெலும்பின் முன்முனை இரண்டு பக்கமும் கைக்குத் தட்டுப்படும். அதிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி, விரல் நுனியால் லேசாக அழுத்திக்கொள்ளுங்கள். இப்போது பல்லிடுக்கில் 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் வரும்படி மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே போங்கள். முக்கால்வாசி மூச்சு போன பிறகும் நிறுத்தாதீர்கள். விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று மெல்ல இறுகுவது தெரியும். துருத்திக்கொண்டு வராது, கயிற்றை இழுத்துக் கட்டினாற்போல உள்ளுக்குள்ளேயே விறைப்பாகும்.

அதுதான் குறுக்கு வயிற்றுத் தசை. ஜிம் கண்ணாடியில் ஆட்கள் தேடும் சிக்ஸ் பேக் மேலடுக்கு. இது ஆக உள்ளடுக்கு. முதுகுப் பக்கத்திலிருந்து இரண்டு விலாவையும் சுற்றி வந்து, கச்சை கட்டினாற்போல வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடியில் தெரியாததால் யாரும் இதைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வதில்லை. ஆனால் 'கோர்', 'கோர்' என்று இன்றைக்கு எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு இவ்வளவு மவுசு வந்ததற்கு இந்தத் தசையை வைத்துச் செய்த ஓர் ஆய்வு பெரிய காரணம்.

1996ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும் அதை வெளியிட்டார்கள். இடுப்புவலி உள்ளவர்கள் 15 பேர், இல்லாதவர்கள் 15 பேர். தசைக்குள் மெல்லிய கம்பி மின்முனைகளைச் செருகி, சைகை காட்டியதும் கையைச் சட்டென்று தூக்கச் சொன்னார்கள். வலி இல்லாதவர்களிடம் தோள்தசை இயங்கத் தொடங்குவதற்கு முன்பே குறுக்கு வயிற்றுத் தசை இயங்கியிருந்தது. கை உயர்ந்தால் உடம்பின் பாரம் இடம் மாறும். அதற்கு முட்டுக்கொடுக்க மூளை வயிற்றுக்கு முன்னதாகவே தகவல் அனுப்பிவிடுகிறது. வலி உள்ளவர்களிடம் அதே தசை பிந்தி விழித்துக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் அளந்தது தசையின் பலத்தை இல்லை, நேரத்தை. வலி உள்ளவர்களின் தசை தாமதமாக வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். தினமும் நூறு சிட்-அப் எடுத்தால் மேலடுக்குத் தசை தடிக்கும். பிந்தி வரும் தசையை நேரத்துக்கு வரவழைக்க அது போதுமா? நிதானமாக, மூச்சோடு சேர்த்து, ஒவ்வோர் அசைவையும் கவனித்துச் செய்யும் பயிற்சி ஏதாவது இருக்கிறதா என்று இயன்முறை மருத்துவர்கள் தேட ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே ஒன்று தயாராக இருந்தது, இன்றைக்குப் பிலாட்டீஸ் என்று வழங்கும் பயிற்சி முறை. அதை உருவாக்கியவர் இந்த ஆய்வுக்கு 29 வருடங்களுக்கு முன்பே இறந்துபோயிருந்தார்.

நோஞ்சான் பையனும் முள்வேலி முகாமும்

ஜோசப் பிலாட்டீஸ் 1883ல் ஜெர்மனியின் மன்ஷன்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா, எலும்பு வலுவிழக்கும் ரிக்கெட்ஸ், மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ரூமாட்டிக் காய்ச்சல் என்று ஒன்று மாற்றி ஒன்று. மூச்சு வாங்கும் பையன் மூச்சைப் பற்றியே வாழ்நாளெல்லாம் யோசித்துக்கொண்டிருந்ததில் வியப்பில்லை. ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என்று விடாமல் பழகி உடம்பைத் தேற்றிக்கொண்டார். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு இங்கிலாந்துக்குப் போனார். போர் மூண்டதும் ஜெர்மானியர் என்பதால் எதிரி நாட்டவராகக் கணக்கில் எடுத்து அடைத்துவிட்டார்கள். முதலில் லங்காஸ்டர், அப்புறம் ஐல் ஆஃப் மேன் தீவிலிருந்த நாக்கலோ முகாம். 20,000க்கும் மேற்பட்டவர்களை அடைத்துவைத்திருந்த, மரக்கொட்டகைகளும் முள்வேலியுமான இடம் அது.

படுத்த படுக்கையாக இருந்தவர்களின் கட்டில்களில் ஸ்பிரிங்குகளை மாட்டி, படுத்தபடியே கைகால்களை இழுத்துப் பயிற்சி செய்யவைத்தார் என்று ஒரு கதை உண்டு. பிலாட்டீஸ் கூடங்களில் இதைச் சொல்லாத ஆசிரியர் கிடையாது. முகாமில் அவரிடம் பயிற்சி எடுத்த ஒருவர்கூட 1918ல் உலகெங்கும் பரவிய ஃப்ளூ காய்ச்சலில் சாகவில்லை என்று கதையை இன்னும் நீட்டுகிறவர்களும் உண்டு. அந்த நீட்டலை நான் நம்புவதில்லை. ஆனால் அவர் பிற்காலத்தில் வடிவமைத்த ரிஃபார்மர் என்ற கருவியைப் பார்த்தால் கட்டில் கதை மட்டும் பொருந்தித்தான் வருகிறது. நீளமான கட்டில் சட்டம், அதன்மேல் முன்னும் பின்னும் ஓடும் பலகை, பலகையை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள், கை கால் மாட்ட வார்கள்.

இரும்பு எடையைத் தூக்குவதற்கும் ஸ்பிரிங்கை இழுப்பதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம். எடை எப்போதும் ஒரே எடைதான். ஸ்பிரிங் நீள நீள இழுவை கூடிக்கொண்டே போகும். விட்டால் வெடுக்கென்று திரும்பும். அதனால் காலால் உந்திப் பலகையைத் தள்ளுவது பாதி வேலைதான், அது திரும்பி வரும்போது அடக்கிப் பிடிப்பது மீதிப் பாதி. அனுபவமுள்ள ஆசிரியர் நம் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டார், காதால் கேட்டே கண்டுபிடித்துவிடுவார். பலகை 'டொக்' என்று சட்டத்தில் முட்டினால் திரும்பும் வழியில் நாம் விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

இந்த அடக்கத்தைத்தான் அவர் பெயராகவே வைத்தார். தன் முறையை அவர் பிலாட்டீஸ் என்று சொல்லவில்லை, 'கன்ட்ராலஜி' என்றார். கட்டுப்பாட்டின் கலை என்று கொள்ளலாம். 1926ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அந்தப் பயணத்தில் அறிமுகமான கிளாராவும் அவரும் நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் பயிற்சிக்கூடம் தொடங்கினார்கள். நடனக்காரர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஜார்ஜ் பாலன்ஷைன், மார்த்தா கிரகாம் போன்ற பெரிய நடன ஆசான்களுக்கும் அவருடன் தொடர்பிருந்தது. காலோ முதுகோ அடிபட்டு வரும் நடனமணிகளை மேடைக்குத் திருப்பி அனுப்பும் இடம் என்று பெயர் எடுத்தது அந்தக் கூடம். வெகுகாலம் வெளியுலகத்துக்கு அது அவ்வளவாகத் தெரியாது. நடன உலகத்தின் ரகசியம் மாதிரி இருந்தது.

1945ல் அவர் வெளியிட்ட நூலில் தரையில் செய்யும் 34 பயிற்சிகள் இருக்கின்றன. இன்றைக்கு மேட் பிலாட்டீஸ் என்று நடக்கும் வகுப்புகளுக்கெல்லாம் மூலம் அதுதான். கவனக்குவிப்பு, கட்டுப்பாடு, மையம், ஒழுக்கு, துல்லியம், மூச்சு என்று ஆறு கோட்பாடுகளைச் சொல்லிக்கொடுப்பார்களே, அந்தப் பட்டியல் 1980ல், அவர் மறைந்து பதின்மூன்று வருடம் கழித்து, வேறு இருவர் எழுதிய நூலில் அப்படித் தொகுக்கப்பட்டது. கருத்து அவருடையது, கணக்கு பிறருடையது.

பெயர் விஷயத்தில் இன்னொரு திருப்பம். அந்தச் சொல்லை ஒருவர் வணிகச் சின்னமாகப் பதிவுசெய்து, மற்றவர்கள் பயன்படுத்தக்கூடாது என்று வழக்காடினார். 2000ல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த உரிமையை ரத்து செய்தது. யோகா, கராத்தே போல இதுவும் ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர் என்றது. நல்லதுதான். ஆனால் அதன் பிறகு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் இந்தப் பெயரில் நடத்தலாம் என்றாகிவிட்டது. ஒரே பெயர்ப்பலகையின் கீழ் ஒரு கூடத்தில் முதுகுவலிக்காரர்கள் மெதுவாகப் புரண்டுகொண்டிருப்பதும், இன்னொன்றில் பாட்டுச் சத்தத்தில் வியர்க்க விறுவிறுக்கக் குதித்துக்கொண்டிருப்பதும் அதனால்தான்.

காற்றடைத்த டியூப்

சரி, கோர் என்றால் எது? வயிறு என்று பாதிப் பேர் சொல்வார்கள். ஒரு உருளையைக் கற்பனை செய்துகொண்டால் தெளிவாகும். மேல்மூடி உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே குடை விரித்தாற்போல இருக்கும் மூச்சுத் தசை. அடித்தட்டு இடுப்புத்தளத் தசைகள். சுற்றுச்சுவர் குறுக்கு வயிற்றுத் தசை. பின்பக்கம் முள்ளெலும்புக்கு முள்ளெலும்பு தாவித் தாவிப் பிடித்திருக்கும் மல்டிஃபிடஸ் என்ற சிறு தசைகள்.

இந்த நான்கும் சேர்ந்து இறுகினால் உள்ளே அழுத்தம் கூடும். சைக்கிள் டியூபை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் ரப்பர், கையால் மடக்கலாம். காற்றடைத்துவிட்டால் ஆளைச் சுமக்கிறது. வயிற்றுக்குள் கூடும் அழுத்தம் முதுகெலும்புக்கு முன்பக்கத்திலிருந்து கிட்டத்தட்ட அப்படித்தான் முட்டுக்கொடுக்கிறது.

அந்த முட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வுக்கூடத்தில் பதில் இருக்கிறது. தசைகளை நீக்கிவிட்டு எலும்பும் தசைநாரும் மட்டும் உள்ள இடுப்பு முதுகெலும்பின் மேல் பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். சுமார் 90 நியூட்டனிலேயே, அதாவது ஒன்பது கிலோ பாரத்திலேயே, அது வளைந்து நொடிந்தது. ஒரு பெரியவரின் தலை, தோள், கை, மார்பு எல்லாம் சேர்ந்தால் அதைப்போலப் பல மடங்கு வரும். அப்படியானால் நாம் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது எலும்பால் மட்டும் இல்லை. கம்பத்தை நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்தினாற்போல தசைகள் நிறுத்தி வைத்திருக்கின்றன. எல்லாக் கயிறும் ஓரளவு இழுபட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிதமிஞ்சி இறுகினாலும் கம்பம் சாயும்.

இங்கே ஒரு சண்டையையும் சொல்ல வேண்டும். குறுக்கு வயிற்றுத் தசை பிரபலமானதும், 'தொப்புளை முதுகோடு ஒட்டு' என்று எல்லா இடத்திலும் சொல்ல ஆரம்பித்தார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் இதை ஏற்கவில்லை. ஒரே ஒரு தசையை உள்ளே இழுத்தால் உருளை மெலிந்து போகிறது. யாராவது வயிற்றில் குத்த வரும்போது இயல்பாக இறுக்குவோமே, அப்படி எல்லாச் சுவரையும் சேர்த்து இறுக்குவதே முதுகுக்கு நல்லது என்பது அவர் வாதம். 2010ல் தசை, எலும்புச் சிகிச்சையாளரான எயல் லெடர்மன் இன்னும் ஒரு படி மேலே போய், கோர் உறுதி என்ற கருத்தே கட்டுக்கதை என்று எழுதினார். தசை தாமதமாக வருவது வலிக்குக் காரணமா, வலியின் விளைவா என்று அவர் கேட்ட கேள்வி நியாயமானது.

என் கருத்து, இரண்டு பக்கத்தாரும் எடுத்துக்கொண்ட சூழல் வேறு. பாரம் தூக்குகிறவருக்கு இறுக்கம் வேண்டும். நாற்காலியிலிருந்து எழுகிறவருக்கு, ஷூ லேஸ் கட்டுகிறவருக்கு, தசையின் முழு பலத்தில் சிறு பங்கு போதும். நாளெல்லாம் வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டே நடப்பது நல்ல பழக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதுகுவலி உள்ளவர்களில் பலருக்கு, பயத்தில் உடம்பை மரக்கட்டை போல விறைத்து வைத்திருப்பதே தொல்லை. அவர்கள் கற்க வேண்டியது தளர்த்துவதை.

முதல் வேலை மூச்சு

உதரவிதானம் உருளையின் மூடி என்றேன். அதே தசைதான் மூச்சையும் இழுக்க வேண்டும். அதன் வேர்கள் பின்பக்கம் இடுப்பு முள்ளெலும்புகளின் முன்புறம் வரை இறங்கிப் பற்றியிருக்கின்றன. மூச்சுத் தசை நேராக முதுகெலும்பிலேயே கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்த நாளன்று எனக்கு இந்தப் பயிற்சி முறை பாதி விளங்கிவிட்டது.

ஒரே ஆளுக்கு இரண்டு வேலை. உடம்பு நிதானமாக இருக்கும்போது இரண்டையும் அது கவனித்துக்கொள்கிறது. மூச்சிரைக்கும்போது? ஹாட்ஜஸ் குழு இதையும் சோதித்தது. மூச்சின் தேவையைச் செயற்கையாகக் கூட்டியபோது, உதரவிதானம் முதுகைத் தாங்கும் வேலையைக் குறைத்துக்கொண்டது. காற்றா முதுகா என்று வந்தால் உடம்பு காற்றைத்தான் தேர்ந்தெடுக்கும். மாடி ஏறி மூச்சு வாங்கியபடியே குனிந்து கனமான பையைத் தூக்குவது ஏன் ஆபத்தான நேரம் என்று இதை வைத்து யோசித்துப் பார்க்கலாம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால் அந்தச் சிக்கல் இல்லையே என்று தோன்றும். உண்மைதான், பெரிய எடை தூக்குகிறவர்கள் வேண்டுமென்றே மூச்சைப் பிடிக்கிறார்கள். ஆனால் அப்போது ரத்த அழுத்தம் சரேலென்று ஏறும். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது வேண்டாத வேலை. தவிர, வாழ்க்கையில் எல்லா அசைவையும் மூச்சைப் பிடித்துச் செய்ய முடியாது.

பிலாட்டீஸ் எடுத்துக்கொண்ட வழி, விலா விரியும் மூச்சு. வயிறு பலூன் போல முன்னால் உப்பினால் சுற்றுச்சுவர் தளர்ந்துவிடும். அதனால் மூச்சை இழுக்கும்போது விலாக்கூட்டைப் பக்கவாட்டிலும் முதுகுப் பக்கமும் விரியவிடுவார்கள். சிரமமான அசைவு வரும்போது மூச்சை வெளியே விடுவார்கள். கட்டுரையின் தொடக்கத்தில் விரல் வைத்துப் பார்த்தது ஞாபகம் இருக்கும்: மூச்சை முழுசாக விடும்போது குறுக்கு வயிற்றுத் தசை தானாகவே இறுகுகிறது. நாம் அதற்கு ஆணையிட வேண்டியதில்லை. படுத்து ஓய்வெடுக்கும்போது வயிற்றால் மூச்சு விடுவது தப்பு என்று இதற்குப் பொருளில்லை. அது ஓய்வுக்கான மூச்சு, இது அசைவுக்கான மூச்சு.

இதையெல்லாம் பிழிந்து ஒரே பயிற்சியில் வைத்தது போல 'ஹண்ட்ரட்' என்று ஒன்று இருக்கிறது. வகுப்பில் முதலில் வருவதும் பெரும்பாலும் அதுதான். மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் தூக்கி, கால்களை உயர்த்தி நீட்டிக்கொண்டு, உடம்பை ஒட்டி நீட்டிய கைகளைத் தண்ணீரைத் தட்டுவது போல மேலும் கீழும் சின்னதாக அடிக்க வேண்டும். ஐந்து தட்டுக்கு மூச்சை உள்ளே, ஐந்து தட்டுக்கு வெளியே. பத்து சுற்று, நூறு தட்டு.

முதல் வகுப்பில் எனக்கு முப்பதிலேயே கழுத்து நடுங்க ஆரம்பித்துவிட்டது. விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஆசிரியை பக்கத்தில் வந்து குனிந்து, "சார், எண்ணுறீங்க, சரி. மூச்சு எங்க?" என்றார். அப்போதுதான் தெரிந்தது, கடைசி இரண்டு சுற்றாக நான் மூச்சே விடவில்லை. என் இரண்டு முழங்காலையும் மடக்கி, தலைக்கு அடியில் ஒரு சிறு தலையணையை வைத்துவிட்டுப் போனார். நூறு வந்தது. வயிற்றில், கழுத்தில் இல்லை, வயிற்றில் ஆழமாக ஒரு சூடு பரவியது. கடினமாக்கினால் பலன் கூடும் என்று நம்பி வந்தவனுக்கு, எளிதாக்கியதும்தான் வேலை சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மூச்சின் இன்னொரு முகம் மனசு. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது மெதுவாகும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு நிதானப்படுத்தினால் இந்த ஏற்ற இறக்கம் நன்றாக விரிகிறது. உடம்பு பதற்றத்திலிருந்து இறங்கி வருவதற்கு அது உதவுகிறது. பிலாட்டீஸ், யோகா, மெதுவாக அசையும் சீனப் பயிற்சியான தை சி மூன்றிலும் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது முகத்தில் ஒரு தெளிவு இருப்பதற்கு இது ஒரு காரணம். ஒரு மணி நேரம் போனைப் பார்க்காமல் இருந்ததும் காரணமாக இருக்கலாம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முத்துமாலையும் மனசும்

மனமும் உடலும் சேர்ந்த பயிற்சி என்ற சொல் விளம்பரத்தில் அடிபட்டு நைந்துபோய்விட்டது. ஆனால் அதற்குள் ஓர் உருப்படியான விஷயம் இருக்கிறது. 'ரோல் அப்' செய்து பாருங்கள். கால் நீட்டிப் படுத்த நிலையிலிருந்து மெதுவாகச் சுருண்டு எழுந்து, குனிந்து பாதம் தொட்டு, மறுபடி சுருண்டபடியே தரைக்குத் திரும்ப வேண்டும். எழுவதில் எல்லாரும் சாமர்த்தியம் காட்டிவிடலாம், ஓர் உந்து உந்தினால் போதும். இறங்கும்போது குட்டு வெளிப்படும். கீழ்முதுகு நடுவில் ஓரிடத்தில், நாலைந்து முள்ளெலும்புகள் ஒரே பலகையாக 'தொப்' என்று விழும். அந்த இடம் பல வருடமாகத் தனித்தனியாக அசைந்ததே இல்லை என்று அப்போதுதான் தெரியவரும்.

இதற்கு ஆசிரியர்கள் சொல்லும் உருவகம், முத்துமாலையைத் தரையில் ஒவ்வொரு முத்தாக இறக்கி வைப்பது. 'மல்டிஃபிடஸைத் தளர்த்துங்கள்' என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் நடக்காது. முத்துமாலை என்றதும் உடம்பு புரிந்துகொள்கிறது. அசைவுகளைக் கற்பது பற்றி கேப்ரியேல் வுல்ஃப் 1990களின் பிற்பகுதியிலிருந்து செய்துவரும் ஆய்வுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன: தன் தசையின் மேல் கவனம் வைப்பதைவிட, அசைவின் விளைவின் மேலோ வெளியிலுள்ள ஒன்றின் மேலோ கவனம் வைத்தால் அசைவு பெரும்பாலும் நன்றாக அமைகிறது. ஆக, நல்ல ஆசிரியரை அடையாளம் காண ஒரு வழி: தசைப் பெயர்களாக அடுக்குகிறாரா, உடம்புக்குப் புரியும் படமாகச் சொல்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

நின்றால்தான் நிற்கப் பழகும்

சமநிலைக்கு மூளை மூன்று இடங்களிலிருந்து செய்தி வாங்குகிறது. கண், உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு, அப்புறம் பாதம், கணுக்கால், மூட்டு, தசைகளிலிருந்து வரும் நிலையுணர்வு. சுவரோரமாக ஒற்றைக்காலில் நில்லுங்கள். பாதத்தைக் கவனியுங்கள், கட்டைவிரல் பக்கமும் சுண்டுவிரல் பக்கமும் மாறி மாறித் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். நிற்பது என்று நாம் நினைப்பது ஓயாத சின்னச் சின்னத் திருத்தம். இப்போது ஒரு கையால் சுவரைத் தொடத் தயாராக வைத்துக்கொண்டு கண்ணை மூடுங்கள். சில நொடியில் கணுக்கால் உதற ஆரம்பித்து, இடுப்பு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வளையும். மூன்றில் ஒன்றைப் பிடுங்கியதற்கே இந்தப் பாடு. வயது ஏற ஏற மூன்றுமே கொஞ்சம் கொஞ்சமாக மங்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், கீழே விழுந்து இறப்பவர்கள் உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர். 2022ல் வெளிவந்த பிரேசில் ஆய்வு ஒன்று, 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரைப் பத்து நொடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னது. நிற்க முடியாதவர்களுக்கு அடுத்த ஏழு வருட அளவில் இறக்கும் ஆபத்து, வயது முதலானவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும், 84 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஒற்றைக்காலில் நிற்கப் பழகினால் ஆயுள் கூடும் என்று இதைப் படிக்கக் கூடாது. உள்ளே பல விஷயங்கள் தளர்ந்திருப்பதை அந்தப் பத்து நொடி காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

இங்கேதான் பிலாட்டீஸ் ஆர்வலர்கள் ரசிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த 34 பயிற்சிகளில் மிகப் பெரும்பாலானவை படுத்தோ உட்கார்ந்தோ செய்பவை. உட்காரும்போது தரையில் பதியும் இடுப்பெலும்பின் மேல் உடம்பை 'வி' வடிவில் நிறுத்தும் 'டீசர்' சமநிலைப் பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் நாம் விழுவது நிற்கும்போதும் நடக்கும்போதும், திரும்பும்போதும். உடம்பு எதைப் பழகுகிறதோ அதில்தான் தேறும். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் 2019 மதிப்பாய்வு 108 சோதனைகளை, 23,000க்கும் மேற்பட்ட முதியவர்களைத் தொகுத்துப் பார்த்தது. உடற்பயிற்சி, விழும் விகிதத்தை 23 சதவீதம் குறைத்தது. நின்று செய்யும் சமநிலைப் பயிற்சிகளுக்கும், எழுந்து உட்காருவது, அடியெடுத்து வைப்பது போன்ற அன்றாட அசைவுப் பயிற்சிகளுக்கும் ஆதாரம் உறுதியாக இருந்தது. தை சியும் பலன் தந்தது. எனவே விழாமல் இருப்பதுதான் நோக்கம் என்றால், நின்று செய்யும் பகுதி இல்லாத பிலாட்டீஸ் வகுப்பு மட்டும் போதாது.

இடுப்புவலிக்கு? 2015 கொக்ரேன் மதிப்பாய்வு பத்துச் சோதனைகளை, 510 பேரைப் பார்த்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட பிலாட்டீஸ் வலியைக் குறைக்கிறது. மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்று காட்டும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும், எனக்கு நிம்மதியாக இருந்தது. மாதக் கட்டணம் கட்டி ரிஃபார்மரில் படுக்க முடியாதவர் எதையும் இழந்துவிடவில்லை. எது பிடித்து விடாமல் செய்ய வருகிறதோ, அதைச் செய்யலாம்.

மூச்சிரைக்க நடப்பதற்கு இது ஈடாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான நடமாட்டம் வேண்டும், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் அதோடு சமநிலையும் பலமும் வளர்க்கும் பயிற்சியை வாரம் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை.

எலும்புத் தேய்வு உள்ளவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மாதவிடாய் நின்ற பின் எலும்புத் தேய்வு ஏற்பட்ட 59 பெண்களைப் பற்றி 1984ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், முன்னால் குனிந்து செய்யும் பயிற்சிகளை மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு முள்ளெலும்பில் புதிதாக முறிவு கண்டது. முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான். சிறிய ஆய்வு, பழைய ஆய்வு. ஆனாலும் ரோல் அப், பந்துபோல் உருளும் பயிற்சி, ஹண்ட்ரடில் தலை தூக்குவது எல்லாமே குனியும் வகை என்பதை மறந்துவிடக் கூடாது. இவர்களுக்கு முத்துமாலை வேண்டாம். குப்புறப் படுத்து நெஞ்சை லேசாகத் தூக்கும் பயிற்சிகள் வேண்டும். கர்ப்பிணிகள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள், கால் வரை வலி இறங்குகிறவர்கள் சேருவதற்கு முன்பே ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகும் எல்லாருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுக்கிறவரிடம் மறுநாள் போகாமல் இருந்துவிடலாம்.

வீட்டில் தொடங்க நினைப்பவர்களுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, விலாவில் இரண்டு கையையும் வைத்து, கைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்படி பத்து மூச்சு. அப்புறம் மூச்சை விட்டுக்கொண்டே ஒரு பாதத்தை மட்டும் தரையிலிருந்து ஒரு சாண் தூக்குங்கள். இடுப்பு அந்தப் பக்கம் சாய்கிறதா, முதுகு தரையிலிருந்து எழும்புகிறதா, கழுத்து இறுகுகிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் ஒரு சாண் வேண்டாம், குதிகாலை மட்டும் தூக்குங்கள். இரண்டு பக்கமும் எட்டெட்டு முறை. பிறகு எழுந்து, பல் துலக்கும்போது பாதி நேரம் ஒரு காலிலும் மீதி நேரம் மறு காலிலும். எனக்கு இன்னமும் இடது காலில் நிற்கும்போது பிரஷ் நின்றுபோய்விடுகிறது.